பூவா, மூக்கா? – அலங்காரம் எதுக்குன்னு ஒரு சிவில் மாணவியின் கேள்வி

தென்காசி பக்கம் எங்க ஆச்சி வீட்டு முன்சுவர்ல ஒரு காலத்துல வரிசையா பூ வேலை இருந்தது. மொட்டைமாடி கைப்பிடிச் சுவர் ஆரம்பிக்கிற இடத்துல, சுவரை விட்டு ஒரு சாண் வெளியே நீட்டி, அதுக்குக் கீழே தாமரை இதழ் மாதிரி தொங்கும். எல்லாம் சுண்ணாம்புக் காரையில் கையாலே செஞ்சது. இப்ப அது இல்லை. எடுக்கச் சொன்னது நான்தான்.

இரண்டாம் வருஷ லீவுல வீட்டைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. "நீதான் சிவில் படிக்கிறியே, எஸ்டிமேட் போடு"ன்னு அப்பா சொல்லிட்டார். எனக்கு ஒரே பெருமை. எக்செல் ஷீட் எல்லாம் போட்டேன். பூ வேலை பல இடத்துல உடைஞ்சிருந்தது, அதைச் சரி செய்யத் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறது கஷ்டம், கூலியும் அதிகம். "இது வெறும் அலங்காரம், லோடு எதையும் தாங்கலை, எடுத்துட்டு ஃப்ளாட்டா பூசிடலாம், மாடர்னா இருக்கும்" என்று ஒரே வரியில் அந்த ஐட்டத்தையே அடிச்சுட்டேன். ஆச்சி மட்டும் ஒரு நாள் முழுக்க என்கிட்ட பேசலை.

இரண்டு மழைக்காலம் போச்சு. எங்க ஊர்ல ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா, ஐப்பசி கார்த்திகை மழை வரைக்கும் சுவர் சரியா காயவே காயாது. முன்சுவர் முழுக்க மேலிருந்து கீழே கறுப்புக் கோடு, கோட்டுக்கு நடுவே பாசி. உள்பக்கம் ஆச்சி படுக்கிற அறையில பெயின்ட் கொப்புளம் போட்டு உதிருது. ஆச்சிக்கு இளைப்பு உண்டு. போன மார்கழியில் அவங்களைச் சித்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சு.

பார்க்க வந்த வயசான கொத்தனார் சுவரை ஒரு தட்டு தட்டிட்டு என்னைப் பார்த்தார். "ஏளா, அதைப் பூன்னா நினைச்ச? அது செவத்துக்கு மூக்குளா. மூக்கு இருந்தா தண்ணி சொட்டும். இல்லன்னா வழியத்தான செய்யும்?"

நாலு வருஷமா நான் படிச்ச எந்த நோட்ஸும் இதை இவ்வளவு சுருக்கமா சொல்லலை. அதனாலதான் இந்த இதழுக்கு இந்தக் கட்டுரை. அலங்காரம்னா என்ன, அது எதுக்கு? நம்ம மாதிரி கால்குலேட்டர் கோஷ்டி "தேவையில்லாதது"ன்னு ஒதுக்குற விஷயம் உண்மையிலேயே தேவையில்லாததுதானா? நான் பள்ளியில தமிழை இரண்டாம் மொழியா படிச்சவ. எழுத்துப்பிழை இருந்தா எடிட்டர் அண்ணா பாத்துப்பார்.

முதல்ல அந்த மூக்கு. மழைத்தண்ணி சுவர் மேல் விளிம்புக்கு வந்ததும் அப்படியே கீழே விழுந்துடும்னு நாம நினைக்கிறோம். விழாது. தண்ணிக்குப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் குணம் இருக்கு. நீட்டி நிற்கிற பலகையின் அடிப்பக்கம் சமதளமா இருந்தா, தண்ணி விளிம்பைச் சுற்றித் திரும்பி, அடிப்பக்கத்திலேயே ஊர்ந்து சுவருக்கு வந்துடும். டம்ளரிலிருந்து மெதுவா ஊத்தும்போது தண்ணி டம்ளரோட வெளிப்பக்கமா வழியுதே, அதே சங்கதி. இதைத் தடுக்க வழி ரெண்டு. ஒன்று, விளிம்பைக் கீழ்நோக்கி வளைச்சு ஒரு நுனி கொடுக்கணும். நுனிக்கு வந்த தண்ணி மறுபடி மேலே ஏற முடியாம சொட்டிடும். இன்னொன்று, அடிப்பக்கத்துல ஒரு சின்னக் காடி போடணும். இப்ப நம்ம கான்கிரீட் சன்ஷேட்டில் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே சுமார் 10 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு கோடு ஓடுமே, அதுதான். அடுத்த தடவை சன்ஷேட் கீழே நிற்கும்போது அண்ணாந்து பாருங்க. அந்தக் கோடு இல்லாத கட்டடத்தை அதன் சுவர்க்கறையே காட்டிக் கொடுத்துடும். எங்க வீட்டுத் தாமரை இதழ்கள் அந்த முதல் வேலையைத்தான் செஞ்சிருக்கு. ஒவ்வொரு இதழ் நுனியும் ஒரு சொட்டு விழுற இடம்.

இது தெரிஞ்ச பிறகு எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் எனக்கு அடையாளம் மாறிப்போச்சு. கோயிலுக்குப் போனா சாமியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கூரை விளிம்பைப் பார்க்கிறேன். (அம்மா திட்டுறாங்க.) அங்கே அதுக்குப் பேர் கொடுங்கை. வளைஞ்சு இறங்கி, நுனியில் கூர்மையாகி, சுவரை விட்டு நல்லாத் தள்ளி முடியும். அழகுதான். ஆனா அழகுக்கு முன்னாடி அது ஒரு குடை.

அப்புறம் போதிகை. தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி ஒரு கல் இருக்குமே, அதுதான். வளைவும் மடிப்பும் பூ மொட்டுமா செதுக்கியிருக்கும். டூரிஸ்ட் கண்ணுக்கு அது சிற்பம். நம்ம கண்ணுக்கு அது ஒரு கணக்கு. கல் அழுத்தத்தை நல்லாத் தாங்கும், இழுவையில் ரொம்ப பலவீனம். உத்திரம் வளையும்போது அதோட அடிப்பக்கம் இழுபடும், விரிசல் அங்கேதான் விழும். இப்ப ரெண்டு தூணுக்கு நடுவுல 2.4 மீட்டர் இடைவெளின்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் போதிகை 0.3 மீட்டர் நீண்டா, உத்திரம் தனியா தாண்ட வேண்டிய தூரம் 1.8 மீட்டர். சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமுக்கு வளைவுத் திருப்பம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி மாறும்னு முதல் யூனிட்லயே படிச்சோம். 1.8ஐ 2.4ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தா 0.56 வரும். அதாவது நூறு இருந்த இடத்துல ஐம்பத்தாறுதான். தூணை நகர்த்தலை, உத்திரத்தைத் தடிமனாக்கலை, நடுவுல ஒரு "அலங்காரம்" வெச்சதுல இவ்வளவு குறைஞ்சது. நிஜத்துல கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எப்படி உட்காருதுன்னு பொறுத்து இது கொஞ்சம் மாறும், வைவால யாராவது மடக்கினா என்னைச் சொல்லாதீங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது போதிகையோட வடிவம். அது ஒரு குட்டி கேன்டிலீவர். தூண் பக்கத்துல சுமை அதிகம் வேலை செய்யும், நுனிக்குப் போகப் போக ஒண்ணுமில்லாமப் போகும். அதனால் தூண்கிட்ட தடிமனா இருந்து நுனியில் மெலிஞ்சா போதும். சிற்பி செதுக்கின வளைவும் கிட்டத்தட்ட அதேதான். வேண்டாத கல்லைச் செதுக்கி எடுத்திருக்கார். எடுத்த இடத்துல பூவை வெச்சிருக்கார்.

இதோட கட்டுரையை முடிச்சிருந்தா, "எல்லா அலங்காரத்துக்கும் பின்னாடி ஒரு அறிவியல் இருக்கு"ன்னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஒண்ணு தயார். ஆனா அது உண்மை இல்லை. சும்மா நிற்கிற அலங்காரமும் நிறைய உண்டு. அதுக்குச் சாட்சி நம்ம ஊரிலேயே இருக்கு.

விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுல பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் குடைஞ்ச ஒரு குகைக்கோயில் இருக்கு, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். செங்கல், மரம், உலோகம், சாந்து எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்ற பொருளில் அங்கே ஒரு கல்வெட்டு. அவர் பெருமையா சொல்லிக்கிறதிலேயே ஒரு விஷயம் வெளியே வந்துடுது பாருங்க. அதுவரைக்கும் கோயில்கள் இந்த நாலிலும்தான் கட்டப்பட்டிருக்கு. அடுத்த தலைமுறையில் மாமல்லபுரத்து ரதங்கள். ஒரே பாறையைச் செதுக்கினது. திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரைக் குடிசை. பீம ரதத்துக்கு வண்டிக்கூண்டு மாதிரி கூரை. மற்ற ரதங்களின் கொடுங்கை மேல குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச சின்னச் சின்ன வடிவம் வரிசையா வரும். அதுக்குப் பேரே கூடு. மரக்கூரையின் முகப்பில் இருந்த வளைவுச் சாளரம் சுருங்கி அங்கே வந்து உட்கார்ந்திருக்கு. சில கூட்டுக்குள்ள ஒரு முகம் எட்டிப் பார்க்கும், ஜன்னல்ல நிற்கிற ஆள் மாதிரி.

பாறையில் குடைஞ்ச கோயிலுக்குக் கூரைச் சாளரம் எதுக்கு? காத்து வராது. வெளிச்சமும் வராது. பொறியியல் கணக்குப்படி பூஜ்யம்.

இதோட உச்சம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். அங்கே கொடுங்கையோட அடிப்பக்கத்துல மரச்சட்டங்கள், அதை இணைக்கும் கம்பி, ஆணி எல்லாத்தையும் கல்லிலேயே செதுக்கி வெச்சிருக்காங்க. அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று ஒரு வரி போட்டுக்குவாங்கன்னு சொல்றது உண்டு. அதாவது, எதை வேணும்னாலும் கேளுங்க, அதை மட்டும் கேட்காதீங்க. கான்ட்ராக்ட்ல எக்ஸ்க்ளூஷன் கிளாஸ்! ஒரு ஆணி எந்த மரத்தையும் பிடிக்கலை. அதைச் செதுக்க ஒருத்தர் எத்தனை நாள் மல்லாந்து கிடந்தாரோ.

நம்ம ஊர் மட்டும்னு நினைக்காதீங்க. கிரேக்கக் கோயில்களில் தூணுக்கு மேல வரிசையா மூணு கோடு போட்ட கட்டைகள் இருக்கும். அது பழைய மர உத்திரத்தின் முனையை மூடின பலகையின் நினைவுன்னு ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ரூவியஸ் அப்பவே எழுதி வெச்சிருக்கார். ஒரு காலத்துல வேலை செஞ்ச உறுப்பு, பொருள் மாறினதும் வேலையை விட்டுட்டு வடிவமா மட்டும் மிஞ்சுது. நம்ம போன்ல போட்டோ எடுத்தா ஷட்டர் சத்தம் வருதே, உள்ளே ஷட்டரே கிடையாது.

அப்போ அந்த மிச்சம் வீணா? ஒரு பிரெஞ்சுக்காரர் வேற மாதிரி யோசிச்சார். ஜூவோ துப்ரய், புதுச்சேரியில் ஆசிரியரா இருந்தவர். 1914ல் தென்னிந்தியக் கோயில்கள் பற்றி பிரெஞ்சில் ஒரு பெரிய நூல் போட்டார், அதிலிருந்து 1917ல் ஆங்கிலத்திலும் ஒண்ணு வந்தது. அவர் பிடிச்சது இந்த "வேலையில்லாத" உறுப்புகளைத்தான். கல்வெட்டு இல்லாத கோயிலோட காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கூட்டையும் போதிகையையும் பார். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு மாதிரி தட்டையா இருக்கும், சோழர் காலத்துல அங்கே சிங்கமுகம் வந்துடும். பல்லவர் போதிகையில் அலை அலையா மடிப்பு, சோழர் போதிகை சாய்வா வெட்டி நடுவுல ஒரு துருத்தல், விஜயநகரக் காலத்துல அதுவே கீழே தொங்குற மொட்டாகுது. ராஜா மாறினாலும் சாமி மாறினாலும் இந்த மாற்றம் மட்டும் சீரா, படிப்படியா போயிட்டே இருக்கு. சுமை தாங்குற பகுதியைச் சிற்பி இஷ்டத்துக்கு மாத்த முடியாது. பூவை மாத்தலாம். அதனால் காலம் பூவிலதான் பதியுது.

இதைப் படிச்சதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. எங்க வீட்டு இதழ்களை யாராவது தெரிஞ்சவர் பார்த்திருந்தா எந்தக் காலத்து வேலை, எந்த ஊர்க் கை எல்லாம் சொல்லியிருக்கலாம். நான் உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோகூட ஒழுங்கா எடுக்கலை.

இப்ப எதிர்க்கட்சி. "அலங்காரம் வேண்டாம்"னு நான் சொன்னது என் சொந்த மூளை இல்லை, அது நூறு வருஷப் பழசு. வியன்னாவில் அடால்ஃப் லூஸ் என்ற கட்டடக்கலைஞர் 1910 வாக்கில் "அலங்காரமும் குற்றமும்" என்ற தலைப்பில் உரை நிகழ்த்தினார். அவர் வாதத்தில் ஒரு பகுதி இன்னிக்கும் கூர்மையா இருக்கு. அலங்காரம் செய்யும் தொழிலாளிக்கு அந்த உழைப்புக்கேத்த கூலி கிடைக்கறதில்லை. அதோட ஃபேஷன் மாறினதும் நல்லா உழைக்கிற பொருளும் குப்பைக்குப் போகுது. செல்போன் பேக் கவரை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துற நமக்கு இது புரியும். ஆனா அதே உரையில் உடம்பில் பச்சை குத்துறவங்களையும், ஐரோப்பியர் அல்லாத மக்களையும் கீழானவங்க மாதிரி பேசுறார். அதை ஏத்துக்க முடியாது. எங்க ஆச்சி கையிலயும் பச்சை இருக்கு.

சுவாரசியம் என்னன்னா, அவரே வியன்னாவில் அரண்மனைக்கு எதிரே 1909 முதல் 1911 வரை கட்டின வீடு. மேல்மாடி ஜன்னல்களுக்கு எந்த வேலைப்பாடும் வைக்கலை. புருவம் இல்லாத முகம் மாதிரி இருக்குன்னு ஊரே கேலி பண்ணி, வேலையை நடுவுல நிறுத்தி, கடைசியில் ஜன்னலுக்குப் பூத்தொட்டி வெச்சு சமாதானம் ஆனாங்க. கீழ்த்தளத்துலயோ கிரீஸிலிருந்து வந்த, வரிவரியா பச்சை ஓடுற விலை உயர்ந்த சலவைக்கல். சிற்பம் செதுக்கினாத்தான் அலங்காரம், கல்லே பூத்திருந்தா இல்லைபோல! இன்னொருத்தர் அமெரிக்காவின் லூயி சல்லிவன். வடிவம் பயன்பாட்டைப் பின்தொடரணும் என்ற கருத்தை 1896ல் எழுதினவர். நம்ம டிசைன் கிளாஸ்ல அவர் பேரைச் சொல்லாம அந்த வசனத்தை மட்டும் சொல்வாங்க. அதே காலத்துல பஃபலோ நகரத்துல அவர் கட்டின கேரண்டி பில்டிங்கை நெட்ல தேடிப் பாருங்க. அடியிலிருந்து நுனி வரைக்கும் சுட்ட களிமண் ஓடுகளில் கொடியும் இலையும். இரும்புச் சட்டக் கட்டடம், அதுக்கு மேல அந்த ஓடு. இரும்பைத் தீயிலிருந்து காக்கிறதும் அந்த ஓடுதான்.

இதெல்லாம் படிச்சுக் குழம்பிக் கிடந்தப்போ எனக்கு உதவினது ஒரு ஜியாலஜிஸ்ட். ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்தவர், அப்பா இலங்கைத் தமிழர். முதல்ல இலங்கையில் கனிம ஆய்வுத் துறையில் இருந்துட்டு அப்புறம் கலை வரலாற்றுக்குப் போனவர். (கோர் மாறினா வாழ்க்கை போச்சுன்னு சொல்றவங்க கவனிக்கவும்.) 1939ல் "அலங்காரம்" பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சொல்லையே பிரிச்சுக் காட்டுறார். சமஸ்கிருதத்தில் "அலம்" என்றால் போதும், நிறைவு. "அலங்காரம்" என்றால் ஒன்றைப் போதுமானதாக ஆக்குவது. மேல தூவுற சர்க்கரை இல்லை, குறையா இருக்கிறதை முழுசாக்குறது. போர்வீரனுக்கு ஆயுதம் எப்படியோ, அப்படி. தமிழ்லயும் "அணி" என்ற சொல்லைப் பாருங்களேன். நகையும் அணி, செய்யுள்ல வர்ற உவமையும் அணி, படை வரிசையும் அணி. வேண்டாத உபரிக்கு யாரும் படையோட பேரை வைக்க மாட்டாங்க.

அப்படிப் பார்த்தா மாமல்லபுரத்துக் கூடு கொஞ்சம் புரியுது. தர்மராஜ ரதத்தின் ஒவ்வொரு தளத்துலயும் விளிம்புல வரிசையா குட்டிக் குட்டி வீடுகள் இருக்கும், மூலையில் சதுரமா, நடுவுல நீளமா. கோயில்னா கடவுள் குடியிருக்கிற வீடு. பாறையை வெட்டினா அது குகைதான், வீடு ஆகாது. கூரை, சாளரம், எட்டிப் பார்க்கிற முகம் எல்லாம் வந்த பிறகுதான் அது வீடுன்னு பார்க்கிறவனுக்குத் தெரியுது. அந்த ஜன்னலுக்குக் காத்து விடுற வேலை இல்லை. "இது வீடு"ன்னு சொல்ற வேலை இருக்கு. நம்ம ஸ்ட்ரக்சரல் டிராயிங்ல அந்தச் சுமைக்குக் குறியீடு இல்லை, அவ்வளவுதான்.

அதுக்காக இப்ப நம்ம தெருவுல முளைக்கிற எலிவேஷன் எல்லாம் சரின்னு சொல்லலை. மூணு கலர்ல அலுமினியத் தகடு, எந்த ஸ்லாபையும் தாங்காத பொய் பீம், தண்ணி தேங்குற மாதிரி கிடைமட்டமா வெட்டின காடி. இது தண்ணியைத் தடுக்கலை, எதையும் நினைவுபடுத்தலை, யார் வீடுன்னும் சொல்லலை. அடுத்த வீட்டுக்காரர் வெச்சார்னு இவரும் வெச்சிருக்கார். லூஸ் இங்கே வந்தா நானே டீ வாங்கிக் கொடுப்பேன்.

எங்க வீட்டுக்கு வருவோம். இந்த பொங்கல் லீவுல சுவரை மறுபடி சரி செய்ய முடிவாச்சு. இந்தத் தடவை நான் எக்செல்லைத் திறக்கலை, கொத்தனார் கூட ஏணியில ஏறினேன். கான்கிரீட்ல ஒரு சாண் நீட்டல், மேல்பக்கம் வெளிப்பக்கமா சரிவு, அடியில் காடி. தண்ணிப் பிரச்னைக்கு அது போதும். அதை நான் வரைஞ்சே காட்டினேன். கொத்தனாரும் சரின்னார். அப்புறம் கேட்டார், "பூ வேணுமாளா?"

நேர்மையா சொல்லணும்னா வேண்டாம். காடி இருந்தா இதழ் தேவையில்லை. கணக்கு அதோட முடிஞ்சுது. ஆச்சிகிட்ட போன்ல அதைத்தான் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "நீ பொறக்கும்போது ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டிக்காரன்கிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தேன் தெரியுமா? பூ வெச்ச வீடுன்னுதான்ளா. நம்பர் எல்லாம் எவனுக்குத் தெரியும்? இப்ப எங்க எறங்கணும்னு எனக்கே தெரியமாட்டேங்கு" என்றார்.

சேர்த்தாச்சு. தகரத்துல ஒரு இதழ் அச்சு வெட்டவே கொத்தனாருக்கு ஒரு நாள் ஆச்சு. பழைய இதழ் மாதிரி வரலை, இது கொஞ்சம் தடிமன், நுனி மொட்டை. இடதுபக்கம் ரெண்டு இதழ் நான் செஞ்சது, கோணலா இருக்கும், தெருவிலிருந்தே தெரியும். ஹாஸ்டலுக்குக் கிளம்புற அன்னிக்குப் பதினொண்ணு முடிஞ்சிருந்தது, இன்னும் இருபத்துமூணு பாக்கி. சாரலுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு கொத்தனார் சொல்லியிருக்கார். ஆச்சியும் ஜூன்ல திரும்பி வர்றாங்க.